வெறும்வாயோடு போகாத அத்தை

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று இப்போது எல்லா ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு பலகை மாட்டிவிடுகிறார்கள். கோயம்புத்தூரில் என் தையல் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்கள். பார்க்கப் போன இடத்தில் கேட்டைத் திறக்கும்வரை வேறு வேலை இல்லாமல் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வரக் கூடாது, குழந்தைகளைக் கூட்டி வரக் கூடாது, கட்டிலில் உட்காரக் கூடாது என்று வரிசையாகப் போய், நோயாளியின் மனம் வருந்தும் செய்திகளைச் சொல்லக் கூடாது என்பதில் முடிந்திருந்தது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "நல்லதத்தானுங்க எழுதியிருக்காங்க" என்றாள். அந்தக் கடைசி விதியைத் தவறாமல் கடைப்பிடித்தவள் என்று என் ஆயுளில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அவளுடைய ஞாபகம் வந்தால் எனக்கு ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்கப் பிடிக்காது.

அவளை அத்தை என்று கூப்பிடுவேன். அப்பாவோடு கூடப்பிறந்தவள் இல்லை. ஓவேலிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில், வேலைக்காரர்களுக்கு வரிசை வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயங்களில், எங்களுக்கு அடுத்த லயத்தில் இருந்தாள். அப்பாவின் குடும்பமும் அவள் குடும்பமும் சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்து, ஒரே முகாமில் கிடந்து, ஒரே லாரியில் மலை ஏறியவர்கள். "ஒரே லாரியில வாந்தி எடுத்தவங்க சொந்தமில்லாம வேற என்னா?" என்பாள். அப்பா அவளை அக்கா என்பார். அம்மா மதினி என்பாள். கொழுந்து எடுக்கிற வேலை. குள்ளமான உருவத்துக்குப் பொருந்தாத கட்டைக் குரல். மலைச்சரிவின் அடியில் அவள் இருமினால் உச்சியில் இருக்கிற கணக்கப்பிள்ளை திரும்பிப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் துணி துவைப்பார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பார்கள். அத்தை கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவாள். உள்ளே தெரிந்தவர்கள் யாராவது இருந்தால்தான் என்றில்லை. எஸ்டேட்டிலிருந்து யாரோ ஒருவர் எப்படியும் படுத்திருப்பார், அவரைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கும் போவாள். போவதற்கு முன்னால் எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். கொழுந்துக் கறை அவ்வளவு சுலபத்தில் போகாது. "படுத்திருக்கவங்க என் வெரலப் பாத்தா வேல ஞாபகம் வரும். வேல ஞாபகம் வந்தா கூலி ஞாபகம் வரும். அப்புறம் மருந்து எங்க பிடிக்கும்?" என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

நோய் பார்க்க வருகிற மற்றவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, அதைத் தாங்களே உரித்து, பாதியைத் தாங்களே தின்றுவிட்டுப் போகிறவர்களைக்கூட மன்னித்துவிடுவாள். "எங்க சித்தப்பாவுக்கும் இதே நோவுதாங்க, பாவம் போய்ச் சேந்துட்டாரு" என்று ஆறுதல் சொல்கிறவர்கள்மேல்தான் அவளுக்கு எரியும். அப்படிச் சொன்ன ஒரு மனிதரை ஒருமுறை தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போய், "ஒங்க சித்தப்பா செத்தது நோவுலயா, நீங்க பாக்கப் போனதாலயா?" என்று கேட்டாள். அந்த மனிதர் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டார்.

எப்படி இருக்கிறது என்று அவள் யாரையும் கேட்டதில்லை. பழம், ரொட்டி எதுவும் கொண்டு போகவும் மாட்டாள். கொண்டு போக அவளிடம் என்ன இருந்தது? "நோவாளியப் பாக்க வெறுங்கையோட போகலாம். வெறும்வாயோட போகக் கூடாது" என்பதுதான் அவளுடைய ஒரே சட்டம். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதுமே ஒரு நல்ல சேதியை எடுத்து வைப்பாள். சேதி இருந்தால் உள்ளது. இல்லாவிட்டால் வழியில் பஸ்ஸில் தயார் செய்தது.

ஆம், பொய்தான். எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிற ஊரில் ஒரு உசுருக்கு ரெண்டு பொய் ஆகாதா என்று கேட்பாள். ஆனால் அவள் பொய்யில் ஒரு நேர்மை இருந்தது. பொய்யைச் சொல்லிவிட்டு ஓடிப்போக மாட்டாள். அந்த ஆள் குணமாகி வீடு திரும்புவதற்குள், சொன்னதை எப்படியாவது நடத்தி வைத்துவிடுவாள்.

கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் குடலிறக்கத்துக்குப் படுத்திருந்தார். மனைவி இல்லாதவர், பிள்ளைகள் வெளியூரில். அவருக்கிருந்த ஒரே கவலை அவருடைய பூனை காணாமல் போனது. அத்தை போய், "பூனை வந்துருச்சு பாய். கடைப் பலகைக்கு அடியில படுத்திருக்கு, வாலுல மட்டும் கொஞ்சம் சேறு" என்றாள். அந்தச் சேறு இருக்கிறதே, அதுதான் அத்தையின் கைவேலை. வெறுமனே நல்லது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நல்லதில் ஒரு சின்னக் குறை வைத்துச் சொல்ல வேண்டும் என்பாள். அப்புறம் அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து லயம் லயமாகப் பூனை தேடினாள். பாயுடைய பூனை கறுப்பு. கிடைத்தது செம்பழுப்பில் ஒரு குட்டி. பாய் வீடு வந்து அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது என் பூனை இல்லியே அம்மா."

"நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாதி ஆளா வந்திருக்கீங்க. பூனை மட்டும் மாறாம இருக்குமா பாய்?"

பாய் சிரித்தார், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். அந்தப் பூனை அவர் கடையில் வெகுகாலம் இருந்தது.

இன்னொரு முறை, கர்ப்பப்பை எடுத்திருந்த ஒருத்தியிடம் அவள் வீட்டு ஒழுகும் கூரையை மாற்றியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தாள். தகரத்துக்கு எங்கே போவது? தன் மாட்டுக் கொட்டகைக் கூரையில் இருந்த தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய், தானே ஏறி ஆணி அடித்தாள். அந்த மழைக்காலம் முழுக்க அவளுடைய மாடு அவள் சமையல்கட்டில் நின்றது. நாங்கள் கேலி செய்தோம். "மாடு எந்த ஆஸ்பத்திரியிலயும் படுத்தில்லியே, அது நனைஞ்சா என்னா?" என்று கேட்டுவிட்டு, ஆனாலும் அதை உள்ளேதான் கட்டினாள்.

ஏன் இப்படி என்று நான் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை பதில் சொன்னாள். கப்பலில் வந்து இறங்கிய முகாமில் அவளுடைய அம்மா காய்ச்சலில் விழுந்து முகாம் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். அடுத்த கப்பலில் வந்த சொந்தக்காரர் ஒருவர் பார்க்க வந்து, அவர்கள் விட்டுவிட்டு வந்த லயத்தை இடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆள் கெட்டவர் இல்லை, பேச வேறு சேதி இல்லாமல் சொன்னார். "எங்கம்மா அதக் கேட்டுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தா. அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்ல" என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போது அவளுடைய கட்டைக் குரல் அடங்கிப்போனது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த வருஷங்களில்தான் தேயிலைக்கு விலை விழுந்தது. ரஷ்யாக்காரன் வாங்கவில்லை என்றார்கள், வேறு நாட்டுத் தூள் வந்து இறங்கிவிட்டது என்றார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை போகவில்லை என்பதுதான். ஒருநாள் காலையில் பேக்டரிச் சங்கு ஊதவில்லை. மறுநாளும் ஊதவில்லை. சங்குக்கு எழுந்து பழகிய லயம், சங்கில்லாமலும் அதே நேரத்துக்கு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தது. இடுப்பளவில் வெட்டி வைத்திருந்த தேயிலைச் செடிகள் ஆள் இல்லாமல் வளர ஆரம்பித்தன. பறிக்காமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். மூடுபனியில் அவை ஆள் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்தால், வேலைக்கு வந்த ஜனங்கள்தான் வரிசையாக நிற்கிறார்கள் என்று தோன்றும். எனக்கு அந்தப் பக்கம் தனியாகப் போக பயம்.

பேக்டரியை மூடிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. திறப்போம் என்றும் சொல்லவில்லை. பாதிப் பேர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் போகாததற்குக் காரணம் பெரட்டு. காலையில் எல்லாரையும் நிற்கவைத்துப் பெயர் வாசித்து வேலை பிரித்துக் கொடுப்பதைச் சிலோனிலிருந்து வந்தவர்கள் பெரட்டு என்பார்கள். மூடின தோட்டம் மறுபடி திறந்தால், முதல் நாள் பெரட்டில் நிற்காதவன் பெயர் போய்விடும் என்பது எங்கள் ஜனங்களுடைய நம்பிக்கை. அது சட்டத்தில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. சட்டத்தைவிட அது பலமாக இருந்தது.

அப்பாவுக்கு டிரையரில் வேலை. இலை காய்வதற்கு அடுப்பில் நெருப்புப் போடுகிறவர். எல்லாருக்கும் முன்னால் போய் அவர் நெருப்புப் போட்டால்தான் பேக்டரி ஓடும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பேக்டரி நின்ற பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, கால் வீங்கியது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதயம் பெரிதாகிவிட்டது என்றார் டாக்டர். சில வாரம் கட்டிலிலேயே இருக்க வேண்டும், ஏற்றம் ஏறவே கூடாது, மனதில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையில் வாழ்கிறவனிடம் ஏற்றம் ஏறாதே என்றால் அவன் எங்கேதான் நடப்பான்? ஆனாலும் அம்மா அந்த வார்த்தையைத் தாலியைப்போலப் பிடித்துக்கொண்டாள். இரவும் பகலும் கட்டில் பக்கத்தில் அவள் இருந்தாள். நான் டவுனில் தையல் படித்துக்கொண்டிருந்தேன், பார்வையாளர் நேரத்துக்கு தினமும் போவேன்.

அப்பா சாப்பிடவில்லை, தூங்கவும் இல்லை. யார் வந்தாலும் பேக்டரி திறக்குமா என்று ஒரே கேள்வி. வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், மருந்துச் சீட்டைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அது பதிலாகப் போதும். ஒவ்வொரு தடவையும் முகம் இன்னும் சின்னதாகிவிடும். இப்படியே போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் அத்தை சனிக்கிழமையே வந்துவிட்டாள். வழக்கம்போல ஆடு குட்டி போட்ட கதை ஒன்றை எடுத்தாள். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஆடெல்லாம் இருக்கட்டும்க்கா. நீ சொல்லு. பேக்டரி தொறக்குமா?"

அத்தை அம்மாவைப் பார்த்தாள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அம்மாவின் முகம் முழுக்கக் கெஞ்சியது.

"தொறக்குமாவா? நல்லாக் கேட்ட போ" என்றாள் அத்தை. "நேத்துதான் வெறகு லாரி வந்து எறக்கிட்டுப் போனான். அத்தனையும் ஈர வெறகு. ஒனக்குத்தான் கண்ணு எரியப் போவுது."

"ஈர வெறகா?" அப்பா தலையணையை விட்டு எழும்பினார். "எவன் எறக்கச் சொன்னது? பேக்டரி பூரா பொகை மண்டுமே. தூளு பொகை வாசம் அடிச்சா எவன் வாங்குவான்?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பாவுக்கு வேலை விஷயமாகக் கோபம் வந்தது. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரட்டு எப்போது என்று கேட்டார். அத்தை யோசிக்கவே இல்லை. "திங்கக்கெழம" என்றாள்.

அன்றைக்கு நான் கொண்டுபோன கஞ்சி முழுவதையும் அப்பா குடித்தார். வெளியே வராந்தாவில் அம்மா அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மதினி, நீங்க நல்லாருக்கணும்" என்று அழுதாள். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இடறியது. பூனைக்குப் பதில் பூனை கிடைத்தது. பேக்டரிக்கு?

"இத எப்பிடி அத்தே நடத்தி வைப்ப?"

"அவன் எந்திரிச்சு ஊட்டுக்கு வர்றதுக்குள்ள எதாச்சும் ஆவும் புள்ள. தொறக்காமயே போயிருவானா என்னா?" என்றாள். ஆனால் பஸ் ஏறும்போது திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. துரை பங்களா வாசலில் நாள் முழுக்க நின்றாளாம். காவலுக்கிருந்தவரிடம், "நாளைக்கு ஒரு நாளாச்சும் தொறந்து வைக்கச் சொல்லுங்க" என்று கேட்டாளாம். துரை கோயம்புத்தூர் போய் மாசக்கணக்காகிறது என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

அதே ஞாயிற்றுக்கிழமை வார்டுக்கு வந்த நாவிதரிடம் அப்பா சவரம் செய்துகொண்டார். தேறிவருகிறார் என்று அம்மா பக்கத்துக் கட்டிலில் எல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

திங்கட்கிழமை விடிகாலையில் அம்மா சுடுதண்ணீர் வாங்க டீக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். கட்டிலில் போர்வை நான்காக மடித்து வைத்திருந்தது. பாத்ரூம் போயிருக்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்குள் அப்பா முதல் பஸ்ஸில் ஏறியிருந்தார். எஸ்டேட்வரைக்கும் போகிற பஸ்ஸை அப்போது நிறுத்தியிருந்தார்கள். ஜங்ஷனில் இறங்கி, மீதியை நடந்தே ஏற வேண்டும். இறங்கும்போது கண்டக்டரிடம், பேக்டரி இன்றைக்குத் திறக்கிறது, நெருப்புப் போட நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். ரோடு சுற்று. அவர் குறுக்குப் பாதையில் ஏறினார்.

பேக்டரி கேட்டுக்கு முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வாச்சர் தூக்கம் என்று நினைத்து இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் தொட்டுப் பார்த்தார்.

அப்பாவைத் தேயிலைக்கு நடுவில் இருக்கிற எங்கள் இடுகாட்டில் புதைத்தார்கள். அத்தை கிட்டே வரவில்லை. வளர்ந்து கிடந்த செடிகளுக்கு இடையில் அவளுடைய தலை மட்டும் தெரிந்தது. அம்மா அவளைத் திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. அந்தச் சனிக்கிழமை அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் அல்லவா, யாரைத் திட்டுவாள்? பேசாமல் இருந்தாள். அந்தப் பேசாமை வருஷக்கணக்கில் நீண்டது. குழாயடியில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால், ஒருத்தி குடத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவளைக் கண்டால் வேறு பக்கம் போய்விடுவேன். ஆனால் ஒருநாள் சாயங்காலம் பாதையில் என்னை நிறுத்தினாள். கையெல்லாம் கொழுந்துக் கறையே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் புள்ள. ஒங்கப்பன் கேட்டப் பாத்து உக்காந்திருந்தானா, பாதையப் பாத்தா?"

"கேட்டுக்கு முதுகக் காட்டித்தான் அத்தே. பாதையப் பாத்துத்தான்."

"அப்ப பூட்டப் பாத்துட்டுத்தான் திரும்பி உக்காந்திருக்கான்" என்றாள். பிறகு மேட்டில் ஏறிப் போய்விட்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. மூச்சு வாங்கி ஏறி வந்து, புல் முளைத்த கேட்டையும் பூட்டையும் பார்த்து, பிறகு திரும்பி உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அப்பா என்ன நினைத்திருப்பார்? அக்கா பொய் சொல்லிவிட்டாள் என்றா? தையல் மிஷினில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். நூலை அறுத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவுவேன்.

அதற்குப் பிறகும் அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதுதான் யாராலும் தாங்க முடியாததாகப் போயிற்று. போவாள், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். படுத்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், உதடு மட்டும் எதையோ தேடி அசையும், பிறகு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவாள். வாயைத் திறந்தாலே நல்ல சேதி வரும் என்று பெயர் எடுத்தவள் ஒன்றும் சொல்லாமல் நின்றால் நோயாளி என்ன நினைப்பான்? நமக்குச் சொல்ல நல்லது எதுவும் மிச்சமில்லை, நம் கதை முடிந்தது என்று நினைத்தான். அவள் நின்ற கட்டில்காரர் ஒருவர் அடுத்த நாளே இறந்தும் போனார். அவருக்கு எப்படியும் முடிகிற நோய்தான். ஆனால் பேச்சுக்குக் காலா கையா, மலை முழுக்க நடந்தது. அத்தை வருகிறாள் என்றால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

கடைசியில் வாசல்காரர் அவளை நிறுத்திவிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், கடுமையாகப் பேசத் தெரியாதவர். "ஏனுங்க, நீங்க உள்ளார போவ வேண்டாமுங்க. படுத்திருக்கறவங்க பயப்படறாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அத்தை தப்பாக நினைக்கவில்லை. பார்வையாளர் நேரம் முழுக்க கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு பஸ் ஏறினாள். நான் ஒருநாள் தாங்காமல் போய், ஏன் இன்னும் வருகிறாய் என்று கேட்டேன்.

"பொய் சொன்னா எந்திரிச்சு நடக்கறாங்க. நெசத்தச் சொன்னா செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாங்க" என்றாள். "நான் எதச் சொல்றது? ஆனா வராம இருக்க முடியல புள்ள."

அன்றைக்குத்தான் என் கோபத்தில் பாதி கரைந்தது. மீதிப் பாதி அம்மாவினுடையது, அதை நான் கரைக்க முடியாது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு நிமோனியா வந்தது. அதே ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. காய்ச்சல் இறங்கிய பிறகும் அவள் எழவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், நர்ஸ் திட்டினாள், நான் கெஞ்சினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே கிடந்தாள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபோது எனக்கு முகாமில் கிடந்த அத்தையின் அம்மா ஞாபகம் வந்தது. அப்பா போனபிறகு எனக்கு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வெளிய நிக்கிறாளா?"

யாரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. "நிக்கிறாங்கம்மா."

"கூட்டியா."

வாசல்காரரிடம் நான் சொன்னபோது அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார், ஆனால் விட்டுவிட்டார். அத்தையின் சேலை முந்தானை மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வார்டுக்குள் வந்ததும் பேச்செல்லாம் நின்றுவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அத்தை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வழக்கம்போல உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. கூட்டி வந்தது தப்போ என்று நினைத்தேன்.

அம்மா மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் பேசாத பேச்சை எங்கே ஆரம்பிப்பாள் என்று பார்த்தேன்.

"பேக்டரி தொறந்துட்டாங்களா மதினி?"

அத்தை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொன்னால் அம்மா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள் என்று பயந்தேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவளை நான் கொன்றே இருப்பேன்.

"இல்ல புள்ள" என்றாள் அத்தை. ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டைக் குரலை அவ்வளவு நாள் கழித்துக் கேட்கிறேன். "தொறக்கல. பூட்டு துருவேறிக் கெடக்கு. இந்த வருசமும் தொறக்கமாட்டான்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்து காதுப் பக்கம் ஓடியது, துடைக்கவில்லை. பிறகு அத்தையின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"சரி. அப்ப அவசரமில்ல" என்றாள் அம்மா. "கொஞ்சம் தூக்கி விடுங்க. மெதுவா எந்திரிச்சுக்கலாம்."